பன்யிப் வேட்டை: ஓர் அச்சம் ஆட்டமான வரலாறு

ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்கிழக்குப் பகுதியில் ஓடும் ஆறுகள் தடம் மாறும் இயல்புடையவை. தடம் மாறிய ஆறு விட்டுச் சென்ற பழைய வளைவில் நீர் தேங்கிக் குட்டையாகும். அதனைப் ‘பில்லபாங்’ என்பர் அந்நாட்டார். கோரையும் நாணலும் சூழ்ந்து, கரையில் யூகலிப்டஸ் மரங்கள் சாய்ந்து நிற்க, நண்பகலிலும் அடி காணவியலாத கருநீர் அது. அத்தகைய நீர்க்கரைகளிலும், அவற்றை அடுத்த புதர்க்காட்டுத் தடங்களிலும் அண்மைக் காலமாக ஒரு புதுவகை ஆட்டம் நடைபெறுகின்றது. சிறுவரும் பெற்றோரும் கைப்பேசியை ஏந்தி நடப்பர். விண்ணில் சுழலும் செயற்கைக்கோள்கள் அவர் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் பிழைக்குள் கணித்துச் சொல்லும். குறித்த இடத்தை அணுகியதும் கைப்பேசியில் ஒரு தடயம் திறக்கும்: ஓர் உறுமல், ஒரு காலடித் தடம், ஒரு விடுகதை. அதனை விடுவித்தால் அடுத்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் கிட்டும். இவ்வாறு இடம் விட்டு இடம் சென்று, இறுதியில் ஒருவரும் கண்டிராத ஒரு விலங்கைத் ‘தேடிப் பிடிப்பது’ ஆட்டத்தின் முடிவு. அவ்விலங்குகளுள் தலையாயது பன்யிப்.

பொழுதுபோக்கு என்று இதனைக் கடந்து செல்வோர் செல்லலாம். ஆயின் இவ்வேட்டைக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. நீர்க்கரையில் கால் வைக்காதே என்று சொல்லப் பிறந்த ஒரு பெயர், நீர்க்கரைக்கு வருக என்று அழைக்கும் பெயராக மாறிய வரலாறு அது. சொல்லைக் கையாளுவோர், சிறப்பாகக் கவிஞர், ஊன்றி நோக்கத்தக்க மாற்றம் இது.

பன்யிப் என்னும் சொல் விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கில் வாழ்ந்த வெம்பா வெம்பா மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலம் புகுந்தது என்பர். ‘பனிப்’ என்பது அதன் மூல வடிவு. 1960களில் அம்மொழியை இறுதியாக அறிந்திருந்த முதியோரிடம் சென்று ஒலிப்பதிவு செய்தவர் லூயீஸ் ஹெர்கஸ் அம்மையார். இந்த வடிவைக் கண்ட தமிழர்க்குப் ‘பனித்தல்’ என்னும் சொல் நினைவில் எழும். நடுங்குதல் என்பது அதன் பொருள். அச்சத்தால் உடல் பனித்தது என்பது பழந்தமிழ் வழக்கு. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் ஆஸ்திரேலியத் தொல்குடி மொழிகளின் இடப்பெயர்ச் சொற்களுக்கும் திராவிட மொழிகளுக்கும் ஒப்புமை கண்டவர். பின்வந்த மொழியியலார் அவ்வுறவை நிலைநாட்டினாரில்லை. எனவே இந்த ஒலியொப்புமையைத் தற்செயல் எனக் கொண்டு மகிழ்ந்துவிட்டு அகல்வதே முறை. சொற்பிறப்பு ஆர்வலர் பலர் இவ்விடத்திற் கால் வழுக்கி விழுந்திருக்கின்றனர்.

வெம்பா வெம்பா மக்களின் பெயர் நிலைத்ததனால் கண்டம் முழுவதும் ஒரே விலங்கு என எண்ணிவிடலாகாது. மெல்பேர்ண் நகருக்குத் தென்கிழக்கே வாழ்ந்த மக்கள் தம் சதுப்பில் உறைந்ததை வேறு பெயரால் வழங்கினர். டூராடின் என்னும் ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பர். ராபர்ட் ஹோல்டன் 2001 இல் வெளியிட்ட நூலில் தொல்குடி ஆஸ்திரேலியா முழுவதிலும் இதன் வட்டார வேறுபாடுகள் குறைந்தது ஒன்பது என்று கணக்கிட்டார். ஓரிடத்தில் அதற்கு நாயின் முகம். ஓரிடத்தில் ஈமுவின் கழுத்து. மற்றோரிடத்தில் நட்சத்திர மீனின் வடிவு. பொதுவாய் நின்றது ஒன்றே: அது நீரில் உறைவது. ஆழம் அறியாத நீர், சேறு மூடிய நீர், இரவில் பேரொலி எழும் நீர் ஆகியவை அதன் உறைவிடம்.

இப்பெயர் நீரோடு வாழ்ந்த மக்களிடம் என்ன தொழில் செய்தது என்பதற்கு ஒரு வியத்தகு சான்று உண்டு. வில்லியம் பக்லி என்பவர் இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதி. 1803 இல் காவலிலிருந்து தப்பியோடி, வாத்தாரோங் மக்களிடையே 32 ஆண்டுகள் வாழ்ந்து, 1835 இல் வெள்ளையர் முன் மீண்டும் தோன்றினார். அவர் சொல்ல ஜான் மார்கன் எழுதிய வாழ்க்கை வரலாறு 1852 இல் அச்சேறியது. எழுதியவரின் கைச்சரக்கு அதில் கலந்திருப்பது வெளிப்படை. எனினும் பன்யிப் பற்றிய பகுதி கூர்ந்து படிக்கத்தக்கது. மொடவார் ஏரியில் அதன் முதுகை மட்டும் தாம் கண்டதாகவும், அது மங்கிய சாம்பல் நிற இறகு போர்த்தது போலிருந்ததாகவும், வளர்ந்த கன்றின் பருமன் இருக்குமென்றும் பக்லி கூறுகின்றார். தலையையோ வாலையோ கண்டார் ஒருவரும் இலர். அடுத்து அவர் சொல்வதுதான் இன்றியமையாதது. அந்நீர்நிலைகளில் விலாங்கு மீன் மிகுதி. அம்மிகுதி பன்யிப்பின் உணவுக்கென வைக்கப்பட்டது என்பது மக்கள் கொள்கை. ஆதலின் அவ்விலங்கைக் கண்டபின் அவர்கள் அந்த நீர்க்கரையில் நெடிது தங்குவதில்லை. பக்லி அதனை ஈட்டியால் எறிய முயன்றதுண்டு. மக்கள் கண்டிருந்தால் சினந்திருப்பர். அதனைக் கொன்றிருந்தாலோ தம் உயிரே அதற்கு ஈடாகியிருக்கும் என்று அவரே எழுதுவித்தார்.

வேண்டிய அளவு பிடித்துக்கொண்டு அகன்றுவிடு என்பதே இதன் பொருள். மீன்வளத் துறையின் அறிவிப்புப் பலகை செய்யும் பணியை ஒரு கதை செய்தது. பலகையைப் படித்தும் மீறுவோர் உண்டு. கதையை மீறுவோர் அரியர். நீந்தத் தெரியாத குழந்தையை ஆழத்தினின்று காத்ததும் அதுவே. தொல்குடி மக்களின் நெடிய வழக்காற்றை இவ்விரு பயன்களுக்குள் அடக்கிவிட முடியாது என்பது மெய். அவ்வழக்காற்றின் உட்பொருள் அவர்க்குரியது. வெளியிலிருந்து காண்பார்க்குத் தென்படுவது இதன் விளிம்பு மட்டுமே.

இன்னொரு சான்று சாலிக்கம். விக்டோரியாவில் அராரட் நகருக்கு அணித்தாக, ஃபயரி கிரீக் ஓடைக்கரையில், தொல்குடியினர் மண்ணை அகழ்ந்து வரைந்த பன்யிப் உருவம் ஒன்றிருந்தது. ஒருவனைக் கொன்ற பன்யிப்பை அவன் சுற்றத்தார் ஈட்டியால் எறிந்து வீழ்த்தினர். அது வீழ்ந்து கிடந்த இடத்தில் அதன் வடிவைச் சுற்றிக் கோடிட்டனர் என்பது கதை. உருவம் பதினோரு தப்படி நீளமும், அகன்ற இடத்தில் நான்கு தப்படி அகலமும் உடையது. 1850களின் இடைப்பகுதி வரை அம்மக்கள் ஆண்டுக்கொரு முறை அங்கு வந்து, புல் மூடிய கோட்டை மீண்டும் கீறித் தெளிவாக்கிச் சென்றனர் என ரெய்னல் ஜான்ஸ் என்னும் பழம்பொருள் ஆர்வலர் குறித்துள்ளார். அதன்பின் வருவோர் இல்லை. கோடு தூர்ந்தது. 1867 இல் வரையப்பட்ட ஒரு படம் அதன் வடிவை இன்றும் காட்டுகின்றது. மண்ணில் அதன் சுவடு இல்லை. ஏன் வருவோர் இலராயினர் என்பதற்கு விளக்கம் வேண்டா. அந்த இருபது ஆண்டுகளில் அப்புல்வெளிகள் ஆட்டுப்பண்ணைகளாயின, நோயும் துப்பாக்கியும் மக்களைக் குறைத்தன, எஞ்சியோர் சிதறினர்.

வெள்ளைக் குடியேறியோர் பக்கம் திரும்பினால், அவர்க்குப் பன்யிப் ஓர் எல்லைக்குறி அன்று. பிடிபட வேண்டிய பொருள். அவர் ஆர்வத்தை முற்றும் பழித்தலும் பொருந்தாது. 1799 இல் வாத்தலகி எனப்படும் பிளாட்டிப்பசின் பதப்படுத்திய உடல் இலண்டன் சென்றபோது, அதனை ஆராய்ந்த ஜார்ஜ் ஷா, நீர்விலங்கின் உடலில் வாத்தின் அலகைத் தைத்து எவரேனும் ஏமாற்றுகின்றனரோ என ஐயுற்றார். பொய்யெனத் தோன்றியது மெய்யாயிற்று. முட்டையிட்டுப் பாலூட்டும் விலங்கு உள்ள நாட்டில் பன்யிப் மட்டும் ஏன் இருத்தலாகாது?

1818 இல் ஹாமில்டன் ஹியூமும் ஜேம்ஸ் மீஹனும் நியூ சவுத் வேல்சின் பாத்தர்ஸ்ட் ஏரிக்கரையில் பேரெலும்புகள் சிலவற்றைக் கண்டனர். 1821 இல் சிட்னி அறிஞர் கழகம் ஒன்று, ஹியூம் மீண்டும் சென்று தலையோ தோலோ எலும்போ கொணர்ந்தால் செலவைத் தருவதாகத் தீர்மானித்தது. ஹியூம் செல்லவில்லை. 1845 ஜூலையில் ‘ஜீலாங் அட்வர்டைசர்’ இதழ் புதைபடிவ எலும்பு ஒன்று கிடைத்த செய்தியை வெளியிட்டது. எலும்பைக் கண்ட தொல்குடியினர் பன்யிப்பினுடையது என்றனராம். ஈமுவின் தலை, முதலையின் உடல், நிமிர்ந்தால் பன்னிரண்டு பதின்மூன்று அடி உயரம், ஈமு முட்டையினும் இருமடங்கான நீல முட்டை என்று இதழ் வண்ணித்தது. மும்போரன் என்பவர் தம் மார்பிலிருந்த ஆழ்ந்த வடுக்களைக் காட்டி, அவை அதன் நகம் கீறியவை என்றார். அச்சில் பன்யிப் என்னும் பெயர் பரவத் தொடங்கியது இச்செய்தியினின்றே.

அடுத்த ஆண்டு மரம்பிட்ஜி ஆற்றங்கரையில், பால்ரனால்ட் அருகே, விந்தையான மண்டையோடு ஒன்று கிடைத்தது. 1847 இல் சிட்னி அருங்காட்சியகத்தில் அது இரண்டு நாள் காட்சிக்கு வைக்கப்பட்டது, மக்கள் திரண்டனர். விலங்கியலறிஞர் மக்லே அதனை ஆய்ந்து, உருக்குலைந்த குதிரைக் கருவின் தலை என்றார். இலண்டனில் ரிச்சர்ட் ஓவன் அதன் படத்தை ஆய்ந்து, கன்றின் தலை என்றார். குதிரையோ கன்றோ, குடியேறியோரே கப்பலில் கொணர்ந்த விலங்கின் கருவை இந்நாட்டின் பழம்பூதமெனக் கொண்டாடினர் என்பதில் உள்ள நகைச்சுவையை அக்காலத்தார் உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் காட்சி முடிந்த பின்னரே ‘நானும் கண்டேன்’ என்போர் தொகை பெருகியது. அதுவரை நாகரிகர் நகைப்பர் என அஞ்சி வாய் மூடியிருந்தவர் பலர்.

ஓவன் பெயர் இவ்வரலாற்றில் இன்னோரிடத்தும் வருகின்றது. வெலிங்டன் குகைகளில் கிட்டிய எலும்புகளைக் கொண்டு 1838 இல் ‘டைப்ரோடோடன்’ என அவர் பெயரிட்ட மாபெரும் பைம்மா, காண்டாமிருகம் ஒத்த உடலுடையது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. இத்தகைய விலங்குகளைக் கண்ட முன்னோரின் நினைவே பன்யிப் கதையாக எஞ்சியது என்னும் கருத்தை 1871 இல் ஜார்ஜ் பென்னெட் முன்வைத்தார். கவர்ச்சியான கருத்து, மெய்ப்பிக்க இயலாதது. ஆற்றில் வழிதவறி ஏறிவந்த கடல்நாய் என்பாரும் உளர். இவ்விளக்கங்கள் யாவும் ஒரே மனப்போக்கின் கிளைகள். கதையின் பின்னே ஓர் உடல் இருந்தே தீரவேண்டும் என்னும் மனப்போக்கு அது.

உடல் கிட்டவில்லை. கிட்டாதபோது பெயரின் பொருள் சரிந்தது; பன்யிப் என்றால் புரட்டு, போலி என்றாயிற்று. 1853 ஆகஸ்டில் சிட்னியில் நடந்த கூட்டத்தில் டேனியல் டெனிஹி பேசினார். அகவை இருபத்தைந்து நிரம்பாத வழக்கறிஞர், கவிதையும் எழுதியவர். நியூ சவுத் வேல்சில் பரம்பரைப் பிரபுக்கள் அவை ஒன்று வேண்டுமென்ற வென்ட்வொர்த்தின் திட்டத்தை எதிர்த்து, அதற்குப் ‘பன்யிப் பிரபுத்துவம்’ என்று பெயர் சூட்டினார். கூட்டம் சிரித்தது, திட்டம் வீழ்ந்தது. ஒரு சொற்றொடர் ஒரு சட்டமுன்வரைவைக் கொன்ற நிகழ்வுகள் உலக வரலாற்றில் மிகுதி அல்ல. 1863 இல் தென் ஆஸ்திரேலியாவின் காலர் நகரில் தொடங்கிய அங்கத இதழும் ‘பன்யிப்’ என்றே பெயர் கொண்டது. தொல்குடியினர் உரத்துச் சொல்லவும் தயங்கிய பெயர், பத்திரிகையின் முகப்பில் ஏறிற்று.

இந்த இடைக்காலத்தில் நீருக்கு நேர்ந்ததையும் உடன்வைத்துக் காணவேண்டும். மெல்பேர்ணுக்குத் தென்கிழக்கே கூ வீ ரப் என்னும் பெருஞ்சதுப்பு இருந்தது. பன்யிப் ஆறு அதனுட் பாய்ந்து கரைந்துவிடும். கடலுக்கு அதற்கெனத் தனிப்பாதை இல்லை. 1890களில் வேலையற்றோரைக் கொண்டு மண்வெட்டியால் நேர்க்கோடாக ஒரு கால்வாய் வெட்டி, ஆற்றைக் கடலுக்குத் திருப்பினர். சதுப்பு வடிந்தது, உருளைக்கிழங்கும் பால்மாடும் வளர்ந்தன. அக்கால்வாய்க்கு இன்றும் பெயர் ‘பன்யிப் பெருவடிகால்’. பூதத்தின் பெயரைப் பூதத்தின் நீரை வடித்த வாய்க்காலுக்கே இட்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் அது குழந்தைகளின் தோழனாயிற்று. 1972 இல் மரி பிரிட்ஜ் நகர ஆற்றங்கரையில் நாணயம் இட்டால் நீரினின்று எழுந்து உறுமும் எந்திரப் பன்யிப் நிறுவப்பட்டது. 1973 இல் ஜென்னி வாக்னர் எழுதி, ரான் புரூக்ஸ் படம் வரைந்த சிறுவர் நூலில், சேற்றினின்று எழும் பன்யிப் தான் யார் என்று எதிர்ப்படுவோரையெல்லாம் வினவிச் செல்கின்றது. அறிவியலார் ஒருவர் பன்யிப் என ஒன்று இல்லவே இல்லை என்கின்றார். குழந்தைகள் நூல்தான், ஆயினும் மேலே கண்ட நூற்றைம்பதாண்டு வரலாற்றின் சாரத்தை இதனினும் சுருக்கமாக உரைத்தவர் இலர்.

குடியேறியோர் தமக்கென ஒரு காட்டுப்பூதத்தையும் படைத்துக்கொண்டனர். ‘டிராப் பேர்’ என்பது அதன் பெயர்: மரத்தினின்று வழிப்போக்கர் தலைமேல் குதிக்கும் ஊனுண்ணிக் கோவாலா. வெளிநாட்டாரை மிரட்டி மகிழ்வதற்கென்றே புனைந்தது. காதின் பின்னே வெஜிமைட் தடவிக்கொண்டால் அணுகாது என்று அறிவுரையும் கூறுவர். ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் தன் விலங்குப் பட்டியலில் இதற்கு இலத்தீன் பெயருடன் இடம் தந்தது. இவ்வேடிக்கையின் உச்சம் 2012 இல் நிகழ்ந்தது. ‘ஆஸ்திரேலியன் ஜியோகிராஃபர்’ என்னும் ஆய்விதழில் நில அளவை வல்லுநர் வோல்கர் யான்சன் ஒரு கட்டுரை வெளியிட்டார். செயற்கைக்கோள் இடங்காட்டியால் டிராப் பேரைப் பின்தொடர்வது அதன் பொருள். விலங்கின் கழுத்திற் கருவி கட்ட இயலாதாகையால், அதன் இரையாகிய நடைப்பயணிகளிடம் கருவியைத் தந்து மறைமுகமாகப் பின்தொடரலாம் என்றார். ஆஸ்திரேலியரைவிட அயல்நாட்டாரே தாக்குதலுக்கு மிகவும் இலக்காகின்றனர் என்பது முடிபு! முகம் சுளிக்காமல், வரைபடமும் மேற்கோளுமாக எழுதப்பட்ட நகைச்சுவை அது. அதனுள் ஓர் உண்மை பதுங்கியிருப்பதைக் காண்க: வேட்டைக் கருவியால் இடம் அறியப்படுவது வேட்டையாடப்படும் விலங்கன்று, வேட்டைக்குச் சென்ற மனிதரே. இன்றைய ஆட்டங்கள் அனைத்தின் உட்கட்டமைப்பும் இதுதான்.

அவ்வாட்டங்களின் தோற்றம் குறுகிய வரலாறே. பெட்டியை மறைத்துத் தேடும் வழக்கம் 1854 முதல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் உண்டு. அமெரிக்கப் படைத்துறை உருவாக்கிய ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுழல்கின்றன. பொதுமக்களுக்கு அவற்றின் குறிப்பு வேண்டுமென்றே பிழையுடன் தரப்பட்டது. பிழை நூறு மீட்டர் வரை செல்லும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டன் ஆணையால் அப்பிழை நீக்கப்பட்டது. மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியைப் புதைத்து, அதன் அகலாங்கு நெட்டாங்குகளை அறிவித்தார். சில நாள்களுள் அது கண்டெடுக்கப்பட்டது. ஜியோகேச்சிங் என்னும் அவ்வாட்டம் விரைவில் ஆஸ்திரேலியாவையும் எட்டிற்று. 2008 இல் வந்த ‘வேரிகோ’ அதனைக் கதையாக்கியது. குறித்த வட்டத்துள் ஆடுவோர் நுழைந்தால் ஒரு பாத்திரம் பேசும், ஒரு பொருள் கிட்டும், கதை நகரும். 2016 ஜூலையில் வெளியான ‘போக்கிமான் கோ’ முதலில் திறக்கப்பட்ட நாடுகளுள் ஆஸ்திரேலியாவும் ஒன்று. இல்லாத விலங்கை உள்ள இடத்தில் தேடுவது அதன்பின் உலக வழக்காயிற்று. பன்யிப் வேட்டை அவ்வழக்கின் உள்ளூர்க் கிளை.

இதில் ஒரு நுட்பமான முரண் உண்டு. ஆஸ்திரேலியக் கண்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கின்றது. 1994 இல் வகுத்த நிலஅளவைச் சட்டகத்துக்கும் தரைக்கும் இடையே 2020 அளவில் 1.8 மீட்டர் விலகல் ஏற்பட்டிருந்தது. புதிய சட்டகம் வகுத்து எண்கள் திருத்தப்பட்டன. வெளியார் குறித்த எண்கள் தங்கி நிற்கத் தரை நழுவிச் சென்றது. சாலிக்கம் ஓடைக்கரையில் ஆண்டுதோறும் வந்து கோடு கீறியோரும் இத்தகைய திருத்தத்தையே செய்தனர் எனலாம். அவர்க்கு எண் வேண்டியிருக்கவில்லை. வரவேண்டும் என்னும் கடன் இருந்தது.

ஆட்டத்தை வெறுத்தொதுக்கல் நேர்மையன்று. அறைக்குள் திரைமுன் கிடந்த பிள்ளையை அது வெயிலுக்குக் கொணர்கின்றது. சதுப்பில் வாழும் தவளையையும் நீர்க்கோழியையும் பெயர் சொல்லி அறிய வைப்பதுண்டு. பன்யிப் என்னும் சொல்லை அது நூலகத் தூசியினின்று மீட்டு மீண்டும் நீர்க்கரையில் நிறுத்துகின்றது. அவ்வகையில் அருங்காட்சியகம் செய்யாததை ஆட்டம் செய்தது. குறை வேறிடத்தில் உள்ளது. பழைய பன்யிப்புக்கு ஓரிடம் உண்டு. அவ்விடத்தின் ஆழம், மீன், இறந்தோர் நினைவு ஆகியவற்றால் ஆனது அது. ஆட்டத்தின் பன்யிப்பை மெல்பேர்ண் பூங்காவினின்று பெர்த் பூங்காவுக்கு ஒரு நொடியில் மாற்றலாம். எண்ணை மாற்றினாற் போதும். எங்கும் வைக்கத்தக்க அச்சம் எவ்விடத்தையும் காப்பதில்லை. ஆட்டம் வகுப்போர் அவ்வந்நிலத்துத் தொல்குடியினரை முதலில் வினவி, கதையின் எப்பகுதி சொல்லத்தக்கது, எந்நீர்க்கரை மிதிக்கத்தகாதது என அறிந்து வகுப்பரேல் இக்குறை பெரிதும் நீங்கும்.

மிதிக்கத்தகாத நீர்க்கரை என்பது வெறும் உணர்ச்சியுரை அன்று. கோரைச் சதுப்பில் மறைந்து வாழும் ஆஸ்திரேலியப் பெருங்குருகு என்னும் பறவைக்கு நாட்டுப்புற வழக்கில் ‘பன்யிப் பறவை’ என்று பெயர். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்குருகு அந்தியிலும் இரவிலும் எழுப்பும் ஒலி ஆழ்ந்தது, அடர்ந்தது, நெடுந்தொலைவு கேட்பது. இருளில் அதனைக் கேட்டோர் பன்யிப் என நடுங்கினர் என்பது ஒரு விளக்கம். ஆறுகள் அணையுண்டு சதுப்புகள் வடிக்கப்பட்டதனால் அவ்வினம் அருகியது. 2011 இல் அழிவை எதிர்நோக்கும் இனமென நடுவணரசு அறிவித்தது. அதற்கு எஞ்சிய புகலிடங்களுள் முதன்மையானவை எவை எனின், மரம்பிட்ஜி ஆற்றுப் பாசனத்தில் விளையும் நெல்வயல்கள். 1846 இல் மண்டையோடு கிட்டிய அதே ஆறு.

அங்குள்ள உழவரும் ஆய்வாளரும் சேர்ந்து அதன் வாழ்வை அறியத் தலைப்பட்டனர். 2015 இல் ஒரு குருகைப் பிடித்து, முதுகில் சிறு கருவியைப் பொருத்திப் பறக்கவிட்டனர். செயற்கைக்கோள் வழியே அது செல்லும் தடம் தெரியவந்தது. அறுவடைக்குப்பின் வயலை நீங்கிப் பல நூறு கிலோமீட்டர் கடந்து, தென் ஆஸ்திரேலியக் கடற்கரைச் சதுப்பொன்றை அது அடைந்தது. இருநூறாண்டு வேட்டையில் பன்யிப்பின் குரலுக்கு உரியது எனத்தக்க ஓர் உயிரின் இருப்பிடம் எண்ணாகப் பதிவானது இவ்வாறுதான். குஞ்சுகள் சிறகு முற்றிப் பறக்கும் வரை வயலில் நீர் வடியாமல் நிற்கவேண்டும். அதற்காக விதைத்தபின் முன்கூட்டியே நீர் தேக்கவும், வரப்பில் புல் விடவும் உழவர் சிலர் முன்வந்துள்ளனர். கூட்டைச் சுற்றிய நெற்பயிருக்குள் அக்காலத்தில் எவரும் இறங்குவதில்லை.